ஹட்டனுக்கு எத்தனை எழுத்து?

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு மலையக ஊர்களின் அட்டவணை ஒன்று செய்துகொண்டிருந்தேன். நீண்ட பெயர்கள் கட்டத்துக்குள் அடங்கவில்லை. முதல் நான்கு எழுத்தோடு வெட்டச் சொல்லி நிரல் எழுதினேன். 'ஹட்டன்' முழுதாக வரவேண்டும். வந்ததோ 'ஹ'வும் ஒரு கேள்விக்குறியும். எங்கள் தோட்டத்துப் பேச்சில் சொன்னால், அரைப்பேர்கூட விழவில்லை.

அந்த நிரல் லுவா மொழியில் ஓடுவது. அந்த மொழி 1993இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் உருவாக்கியது. போர்த்துக்கீசில் லுவா என்றால் நிலா. தனியாக நிற்பதைவிட வேறொரு மென்பொருளுக்குள் ஒண்டிக்கொள்வதற்கென்றே பிறந்த மொழி. அதனால் கூடவே வரும் நூலகங்கள் சொற்பம்: சொற்களைக் கையாள ஸ்ட்ரிங், பட்டியலுக்கு டேபிள், கணக்குக்கு மேத், கோப்புகளுக்கு ஐஓ, கணினியோடு பேச ஓஎஸ், இன்னும் சில. எதைத் திறந்துவிடுவது என்பது இடம் கொடுத்த மென்பொருளின் விருப்பம். கொழுந்தெடுக்கப் போகிறவருக்குக் கூடையும் படங்கும் போதும், கவ்வாத்துக் கத்தி எதற்கு? 2013இல் லுவாவைச் சேர்த்துக்கொண்ட விக்கிப்பீடியாவும் ஐஓவைத் தரவில்லை. ஓஎஸ்ஸில் நேரம், தேதி பார்க்கும் வேலைகளை மட்டும் விட்டுவைத்தது. யார் வேண்டுமானாலும் நிரல் எழுதக்கூடிய இடத்தில் கோப்புகளில் கைவைக்க விடமுடியுமா?

என் கோளாறு ஸ்ட்ரிங்கில் இருந்தது. அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். புள்ளியும் ஒரு குறிதான். ஹ, ட, புள்ளி, ட, ன, புள்ளி: ஆறு குறி, 18 பைட். நான்காவது பைட்டில் வெட்டினால் 'ட' முதல் துண்டோடு அறுந்துபோகும்.

2015இல் வந்த லுவா 5.3இல் யுடிஎஃப்-8ஐக் கையாளவென்றே ஒரு நூலகம் உண்டு. விக்கிப்பீடியாவில் இருப்பது பழைய 5.1, அதனால் அவர்களே யூஸ்ட்ரிங் என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மாறினேன். இப்போது 'ஹட்ட' வந்தது. அதுவும் எழுத்தை அல்ல, குறிகளைத்தான் எண்ணுகிறது.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா திரையைப் பார்த்து, "ஹ, ட், ட, ன். நாலுதானே தம்பி?" என்றார்.

புள்ளியையும் கொம்பையும் முந்திய எழுத்தோடு ஒட்டி எண்ணும் வரிகளை அன்றிரவு லயத்து வாசலில் உட்கார்ந்து எழுதினேன். பதினொரு வரி.