கழல மறுக்கும் சக்கர நட்டு

வளைகுடாவுக்குப் புறப்படும் பிள்ளையை வழியனுப்பத் திருச்சி விமான நிலையத்துக்குப் போகும்போதோ, நோயாளியை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்கு விரையும்போதோ கார் பஞ்சராகி நிற்பது நம் பகுதிச் சகோதரர்களுக்குப் புதிதல்ல. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, கைகொடுக்க ஆளும் இருக்கிறது. ஆனால் சக்கரத்து நட்டு மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. சுற்றிலும் இருட்டு, பக்கத்தில் சிமெண்டு லாரிகள் பறக்கின்றன. அந்த நேரத்தில் பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தான் நட்டையும் கெடுக்கும், கையையும் உடைக்கும்.

நட்டு இறுகிப்போவதற்குத் துரு ஒரு காரணம். மழைநீரும் சுண்ணாம்புக்கல் புழுதியும் மரைக்குள் புகுந்து, மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய காரணம் பஞ்சர் கடையின் ஏர் கன். சிறிய கார்களுக்கு நிறுவனங்கள் சொல்லும் இறுக்கம் பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். அரை மீட்டர் கம்பியின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இறுகுமோ, அதுதான் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னோ, அவசரத்தில் விசையை அழுத்திப் பிடித்தால், இதைப்போல மூன்று நான்கு மடங்கு இறுக்கிவிடக்கூடியது. காரோடு வரும் ஸ்பானரின் நீளம் ஏறக்குறைய கால் மீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் தன் முழு எடையையும் அதன் நுனியில் வைத்தாலும் 150 நியூட்டன் மீட்டர்கூட வராது. ஆக, கழற்ற முடியாதவர் பலவீனர் அல்லர். கணக்கு அப்படி.

கழற்றத் தொடங்குமுன் வண்டியைச் சாலையை விட்டு நன்றாக இறக்கி, சமதரையில் நிறுத்துங்கள். நான்கு விளக்கையும் மின்னவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். பெண்களும் பிள்ளைகளும் வண்டியிலிருந்து இறங்கிச் சாலைக்கு எதிர்ப்புறமாக ஒதுங்கி நிற்கட்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் வைத்து, பஞ்சரான சக்கரத்துக்குக் குறுக்கெதிரே உள்ள சக்கரத்துக்கு இருபுறமும் கல் முட்டுக் கொடுங்கள்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்: ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கிவிட்டுப் பிறகு நட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்கிவிட வேண்டும். தூக்கிய வண்டியைப் பலமாக இழுத்தால் ஜாக்கி சரிந்து வண்டி ஆள்மேல் விழும்.

ஸ்பானரை நட்டின் அடிவரை முழுக்கச் செலுத்துங்கள். பாதி பிடித்த ஸ்பானர் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். கைப்பிடி உங்கள் இடப்பக்கம் கிடைமட்டமாக நீளும்படி மாட்டினால் கீழ்நோக்கி அழுத்துவதே கழற்றும் திசை. குனிந்து மேல்நோக்கி இழுப்பதைவிட இதில் உடல் எடை முழுதும் உதவும், இடுப்புக்கும் கேடில்லை. ஸ்பானர்மேல் ஏறிக் குதிப்பது மட்டும் வேண்டாம். அது வழுக்கினால் கணுக்கால் போய்விடும். காரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் சீராக அழுத்தலாம்.

அப்படியும் அசையாவிட்டால் ஒரு இரும்பு பைப்பைக் கைப்பிடியில் செருகிக்கொள்ளுங்கள். நட்டிலிருந்து பைப்பின் நுனிவரை முக்கால் மீட்டர் இருந்தால், 30 கிலோ அழுத்தமே 220 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்கும் கருவிகளைவிட, டிக்கியில் கிடக்கும் இந்த ஒரு துண்டு பைப் அதிகம் உதவும் என்பேன். மெதுவாக அழுத்துங்கள். பெரும்பாலும் “டக்” என்ற சத்தத்தோடு நட்டு விட்டுக்கொடுக்கும். சத்தமில்லாமல் ரப்பர்போல வளைந்துகொடுத்தால் நிறுத்துங்கள், போல்ட் முறியப் போகிறது என்று அர்த்தம்.

துருப்பிடித்த நட்டு என்றால் வழி வேறு. டபிள்யூடி-40 போன்ற துரு இளக்கும் எண்ணெயை மரையின் ஓரத்தில் விட்டு, நட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, கால் மணி நேரம் காத்திருங்கள். பிரேக் டிஸ்க்கில் எண்ணெய் படக்கூடாது. பிறகு கழற்றும் திசைக்கு முன், ஒரு நூல் அளவு இறுக்கும் திசையில் முயன்று பாருங்கள். துருவின் பிடி உடைய அது போதும். தீ காட்டிச் சூடாக்குவது சக்கரம் டயரோடு இருக்கும்வரை கூடவே கூடாது. டயர் வெடித்து உயிர்போகும்.

சில அலாய் சக்கரங்களில் ஒரு நட்டு மட்டும் பூட்டு நட்டாக இருக்கும். அதற்கான தனிச் சாவி ஸ்டெப்னிக்குப் பக்கத்திலோ முன் டிராயரிலோ இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவையுங்கள். பழைய லாரி, வேன் வைத்திருப்போருக்கு ஒரு சொல்: சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை உண்டு. அதைத் தெரியாமல் கழற்றப் போய் இன்னும் இறுக்கியவர்கள் ஏராளம்.

நட்டெல்லாம் கழன்றும் சக்கரம் வராமல் ஒட்டிக்கொண்டால் வண்டிக்கடியில் புகுந்து உதைக்காதீர்கள். நட்டுகளை இரண்டு சுற்று மட்டும் திரும்ப மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டியை லேசாக அசைத்தால் ஒட்டு விட்டுவிடும்.

மாட்டும்போது முதலில் கையால் சுற்றுங்கள். மரை குறுக்கே ஏறினால் கையிலேயே தெரிந்துவிடும். சக்கரம் தரையில் பட்டபின் எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். மரைக்குக் கிரீஸ் தடவினால் அடுத்தமுறை சுலபமாகக் கழலுமே என்று சிலர் செய்கிறார்கள். வேண்டாம். வழுவழுப்பான மரையில் அதே விசை போல்டை அளவுக்கு மீறி இழுத்து நீளவைக்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தால் போதும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள்.

பஞ்சர் கடையில் நிற்கும்போது, “ஏர் கன்னால லேசாப் பிடிச்சுட்டு, கடைசி இறுக்கத்தைக் கையால வைங்க தம்பி” என்று கேட்பதில் வெட்கமில்லை. தேசிய நெடுஞ்சாலையில் எதுவும் கைகூடாவிட்டால் 1033-க்கு அழையுங்கள். வண்டியில் நோயாளி இருந்தால் நட்டோடு போராடிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழைத்துவிட்டு, சக்கரத்தைப் பிறகு பாருங்கள்.