ஃபோர் வீல் டிரைவ் கார் மலைப்பாதையில் நின்னுடுச்சா? கயிறு கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

தென்காசி: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் சீசன். மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று குளித்துவிட்டு, அப்படியே செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளப் பக்கம் பாலருவி வரை ஒரு ரவுண்டு போய்வருவது பலருக்கும் வழக்கம். அந்த ஏற்றத்தில் வண்டி மக்கர் செய்து நின்றால், பின்னால் வரும் ஜீப்காரர் இறங்கி வந்து "கயிறு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்பார்.

நல்ல மனசுதான். ஆனால் நிற்பது ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். தப்பாக இழுத்தால், சின்ன ரிப்பேரோடு முடிய வேண்டியது கியர்பாக்ஸ் வரை போய்விடும்.

அப்படி என்ன சிக்கல்?

சாதாரண காரில் இன்ஜின் சக்தி முன் சக்கரங்களுக்கு அல்லது பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். முன் சக்கரத்தில் ஓடும் காரை முன்பக்கம் தூக்கி இழுத்தால், பின் சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். ஃபோர் வீல் டிரைவில் அப்படி இல்லை. முன்னும் பின்னும் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்ற பெட்டி வழியாக இணைந்திருக்கின்றன. முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி, பின் சக்கரங்களைத் தரையில் உருட்டினால், அந்தச் சுழற்சி உள்ளே போய் முன் சக்கரங்களையும் சுற்றப் பார்க்கும். அவையோ பெல்ட்டில் கட்டப்பட்டிருக்கும். அழுத்தம் முழுவதும் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் மீது விழும்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இன்னொரு ஆபத்து. கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்ற வைப்பது பெரும்பாலும் இன்ஜின் ஓட்டத்தில்தான். இன்ஜின் ஆஃப் ஆகி சக்கரம் மட்டும் சுற்றினால், ஆயில் இல்லாமல் உள்ளே சூடேறித் தேயும்.

லிவர் இருக்கா, இல்லையா?

மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் தனியாக ஒரு லிவர் இருக்கும். அதில் நியூட்ரல் நிலையும் உண்டு. அதில் போட்டால் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும். நான்கு சக்கரமும் தரையில் இருக்க, கொஞ்ச தூரம் மெதுவாக இழுக்கலாம். எவ்வளவு தூரம் என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் போல தானாகவே நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கார்களில் இந்த லிவரே கிடையாது. அவற்றுக்கு ஒரே வழி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் பிளாட்பெட் வண்டியில் ஏற்றுவதுதான். "ரெண்டு கிலோமீட்டர்தானே" என்ற பேச்சே வேண்டாம்.

புளியரை எஸ் வளைவு ஏன் தனிக் கதை?

கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் புளியரைக்கும் கோட்டைவாசலுக்கும் நடுவே உள்ள வளைவுகள் செங்குத்தானவை. கீழே ரயில் பாதை. 2024 பிப்ரவரி 25 அதிகாலையில், பிளைவுட் ஏற்றிவந்த லாரி இங்கிருந்து கவிழ்ந்து தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். பக்கத்தில் வசித்த வயதான தம்பதி ஓடிப்போய் டார்ச் அடித்து ரயிலை நிறுத்தியதால் பெரிய விபத்து தவிர்ந்தது.

இன்ஜின் ஓடாத காரில் பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கத்தில் கொண்டுவந்தால், அது முன்னால் போகும் வண்டியின் மேலேயே போய் மோதும். கயிறு இழுக்கத்தான் உதவும், தடுத்து நிறுத்த உதவாது. அதனால் மலை இறக்கத்தில் கயிறு கட்டவே கூடாது.

சமதளத்தில் இழுத்தே ஆகணும்னா?

செங்கோட்டையிலோ தென்காசியிலோ சமமான சாலை என்றால், கம்பெனி கொடுத்த டோயிங் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். பம்பர், ஆக்ஸில், ஸ்டீயரிங் ராடு எதிலும் வேண்டாம். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, இழுக்கப்படும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், பின்னால் 'ஆன் டோ' என்ற பலகை தெரிய வேண்டும் என்கின்றன போக்குவரத்து விதிமுறைகள். நம்ம ஊரில் பலகை மாட்டுபவரைப் பார்ப்பது அபூர்வம். ஒரு அட்டையில் எழுதிக் கட்டினாலும் பின்னால் வருபவருக்குப் புரியும்.

வேகம் 20 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டால், அறுந்தாலும் சாட்டை மாதிரி சுழன்று அடிக்காது. கயிற்றைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது, குழந்தைகள் பக்கத்திலேயே வரக் கூடாது.

யாரைக் கூப்பிடுவது?

வண்டி நின்றதும் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, குடும்பத்தினரைச் சாலை ஓரத்துக்கு இறக்கிவிடுங்கள். சக்கரத்துக்கு அடியில் கல் வையுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் ஒட்டி வைக்காமல், வளைவு தொடங்குவதற்கு முன்பே வைக்க வேண்டும். மழையில் வளைந்து வரும் லாரிக்காரருக்குக் கார் தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. ஆபத்து என்றால் 112. காப்பீட்டில் சாலையோர உதவி சேர்த்திருந்தால் அந்த எண்ணுக்கும் சொல்லலாம். எங்கே கூப்பிட்டாலும் "கார் நின்னுடுச்சு" என்பதோடு விடாமல், "ஃபோர் வீல் டிரைவ், பிளாட்பெட் அனுப்புங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முன்பக்கம் மட்டும் தூக்கும் வண்டிதான் வந்து நிற்கும்.