நாற்காலி கேட்காதவர்களின் கணக்கு

மதுவை ஒழிக்கவென்றே 1869-இல் அமெரிக்காவில் ஒரு கட்சி தொடங்கினார்கள். பெயரே மதுவிலக்குக் கட்சி. குடியரசுத் தலைவர் தேர்தலில் அது எட்டிய உச்சம், 1892-இல் கிடைத்த 2 சதவீதத்துச் சொச்சம். அதற்கு அடுத்த ஆண்டு, ஒஹாயோ மாநிலத்து ஓபர்லின் ஊரில் மதுக்கடை எதிர்ப்புச் சங்கம் பிறந்தது. அது யாரையும் தேர்தலில் நிறுத்தவில்லை. 1919-இல் நாட்டின் அரசியல் சட்டத்திலேயே மதுவிலக்கு ஏறிவிட்டது.

நோக்கம் ஒன்று, ஒருவருக்குத் தோல்வி, மற்றவருக்கு வெற்றி. எப்படி?

விடை கூட்டல் கணக்கில் இருக்கிறது. இரண்டு பெரிய கட்சிகள் ஆளுக்கு 48 சதவீதம் வாங்கும் தொகுதியில், மிச்சமுள்ள 4 சதவீதத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளும் கட்சி தோற்றுத்தான் போகும். அதே 4 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'எங்கள் மசோதாவுக்குக் கை தூக்குபவருக்கே இது' என்று சொல்லும் குழுவிடம் இரண்டு வேட்பாளர்களும் வந்து நிற்பார்கள். சங்கத்தின் மூளையான வெய்ன் வீலருக்கு இது அத்துப்படி. 1905-இல், ஒஹாயோ ஆளுநர் மைரன் ஹெரிக் சங்கத்தைப் பகைத்துக்கொண்டார், தேர்தலில் வீழ்ந்தார். துணை ஆளுநர் பதவியையோ அவருடைய கட்சிக்காரரே வென்றார்! யாரை வீழ்த்தியது யார் என்பது எல்லா அரசியல்வாதிகளுக்கும் புரிந்தது.

ஒருவர் வீட்டில் குடிக்கிறாரா என்று வீலர் கேட்டதில்லை. அவையில் எப்படி வாக்களிக்கிறார் என்பதே பேச்சு. விஸ்கிப் பிரியரான வாரன் ஹார்டிங், செனட்டராக மதுவிலக்குக்கு ஆதரவாக வாக்களித்தார். பிற்பாடு குடியரசுத் தலைவரும் ஆனார். கட்சிக்கு இந்த வசதி கிடையாது. வரி, போர், கூலி என்று எல்லாவற்றுக்கும் அது பதில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலும் சிலரை விரட்டும்.

எனக்கு உறுத்துவது இதன் மறுபக்கம். 1920-இல் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் கள்ளச் சாராயத்தில் அல் கபோன் போன்ற தாதாக்கள் கொழித்தார்கள். கோபப்பட்ட குடிமகன் ஆளுங்கட்சியைத் தோற்கடிக்கலாம். தேர்தலிலேயே நிற்காத சங்கத்தை எந்த வாக்குப்பெட்டியில் தோற்கடிப்பது?

பாலின் சேபின் என்ற பெண்மணி வழி கண்டார். குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவில் இருந்தவர். 1929-இல் அந்தப் பதவியை உதறிவிட்டு, மதுவிலக்கை நீக்கக் கோரும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சட்டத்தை நீக்கச் சம்மதிப்பவருக்கே ஆதரவு என்பது அவர்கள் நிலை. 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியது.