பழைய வீட்டின் உரிமை வரலாறும் அடையாளச் சிறப்பும்: ஐஸ் ஹவுஸ் காட்டும் நெறியும் பட்டாபிராமும்

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகரான பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இவ்வாறு வளரும் ஊர்களில் முதலில் இடிபடுவன பழைய வீடுகளே. அவற்றுள் எது பாதுகாக்கத் தக்கது என்பதை நிறுவ உரிமை வரலாறு மட்டும் போதுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. வரலாறு நன்கறியப்பட்ட சென்னை ஐஸ் ஹவுஸ் சான்றாகக் கொள்ளப்பட்டு, அதன்வழிப் பெறப்படும் நெறி பட்டாபிராமுக்குப் பொருத்திப் பார்க்கப்படுகிறது.

கைமாறிய கட்டடம்

அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்க, பிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842இல் மெரினா கடற்கரையை ஒட்டி இக்கட்டடத்தை எழுப்பியது. இந்தியாவிலேயே பனிக்கட்டி உற்பத்தி தொடங்கியபின் அவ்வணிகம் நலிந்தது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வீடாக மாற்றியமைத்து, நீதிபதி கெர்னனின் பெயரால் 'கேசில் கெர்னன்' என்று அழைத்தார். மேலைநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் இங்குத் தங்கினார். அவ்வாண்டே இராமகிருஷ்ணானந்தர் இங்கு மடத்தைத் தொடங்கினார். ஐயங்காரின் மறைவுக்குப்பின் 1906இல் வீடு ஏலத்தில் விற்கப்பட, மடம் 1907இல் மயிலாப்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1917இல் கட்டடம் அரசுடைமையாயிற்று. சகோதரி சுப்பலட்சுமியின் முயற்சியால் இளங் கைம்பெண்கள் தங்கிக் கற்கும் இல்லமாகவும் அது விளங்கியது. விவேகானந்தர் நூற்றாண்டான 1963இல் 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் பெற்று, 1997இல் இராமகிருஷ்ண மடத்திற்குக் குத்தகைக்கு விடப்பட்டது.

உரிமையாளர் அல்லாதார் தந்த சிறப்பு

இவ்வரலாற்றில் உரிமையாளர் வரிசையும் சிறப்பின் வரிசையும் ஒன்றல்ல. இன்றைய பெயருக்குரிய விவேகானந்தர் விருந்தினர். மடத்துத் துறவியரும் கைம்பெண்களும் உரிமை கோராத குடியிருப்போர். உரிமையாளரான ஐயங்கார் இட்ட பெயரோ வழக்கிழந்தது. முதற்பயன்பாட்டால் வந்த 'ஐஸ் ஹவுஸ்' என்னும் பெயர் அப்பகுதிக்கும் காவல் நிலையத்துக்கும் இன்றும் வழங்குகிறது. பெண்கல்வி வரலாற்றில் முதன்மையான விடுதிக் காலமோ கட்டடத்தின் எப்பெயரிலும் பதியவில்லை. விற்பனைப் பத்திரங்களை மட்டும் அடுக்கினால் இம்மூன்றும் விடுபட்டுப்போகும்.

பட்டாபிராமில் ஆவணத் தேடல்

பட்டாபிராமில் இத்தேடல் இடப்பெயரிலேயே தொடங்க வேண்டும். மக்கள் பட்டாபிராம் என்று குறிக்கும் பகுதியின் மனைகளை ஆவணங்களில் தண்டுரை முதலிய வருவாய்க் கிராமப் பெயர்களில் தேட நேரும். திருவள்ளூர் மாவட்டம் 1997இல் உருவாகும்வரை இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததால், பழைய பத்திரங்களில் அம்மாவட்டப் பெயரே காணப்படும்.

வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். உயிலைப் பதிவு செய்வது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயமன்று. வாய்மொழிப் பாகப்பிரிவினையும் குறுகிய கால வாடகையும் அதில் இடம்பெறா. பட்டா வருவாய்த் துறை ஆவணமேயன்றி, உரிமைக்கு முடிவான சான்றாகாது. கிராம நத்தத்திலுள்ள வீட்டுக்கு நத்தம் நில அளவைக்கு முன் பட்டாவே இராதிருக்கலாம். அதனால் வீடு பிற்காலத்தது எனக் கொள்ளலாகாது.

இவ்விடைவெளிகளை வீட்டுவரிப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, முகப்பில் பொறித்த ஆண்டு, முதியோர் வாய்மொழி ஆகியவற்றால் நிரப்புதல் வேண்டும். வாய்மொழியை ஏதேனும் ஓர் எழுத்துச் சான்றோடு ஒப்பிட்ட பின்னரே கொள்ளுதல் முறை.

முடிவுரை

வீடு யாருடையது என்பதைப் பத்திரங்கள் உணர்த்தும். அது யாருக்குப் பயன்பட்டது என்பதை வேறு சான்றுகளே உணர்த்தும். முதல் வரிசையைக் கால அடிப்படையில் நிறுவி, இரண்டாவதை அதன்மேல் பொருத்துவதே ஐஸ் ஹவுஸ் காட்டும் நெறி. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. எனினும் ஒரு வீட்டின் சிறப்பைச் சான்றுடன் எடுத்துரைக்கும் பணி ஆய்வாளர்க்கு உரியது. பெயர்பெற்ற விருந்தினர் எவரும் தங்காத புறநகர் வீடுகளுக்கு அப்பணி இன்னும் இன்றியமையாதது. இடித்தபின் பத்திரங்கள் எஞ்சும். அங்கு வாழ்ந்தோர் விட்டுச்சென்ற சுவடுகள் எஞ்சா.