கடற்கரைச் சாலைக்கு வண்டியை எடுக்கும் முன்

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கடலுக்குப் போகும் பையன்கள் பெரும்பாலும் தூத்துக்குடி வழியாகத்தான் போகிறார்கள். சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் என்று இறங்கித் தூத்துக்குடியைத் தொட்டதும் பாதை இரண்டாகப் பிரியும். தெற்கே திரும்பினால் காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம் கடந்து கன்னியாகுமரி. வடக்கே போனால் வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியாகப் பாம்பன் பாலம் ஏறி தனுஷ்கோடி. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு, கோடை விடுமுறை என்றாலே நம்மூர் இளைஞர்களுக்கு அந்த முனைதான் கண்ணில் நிற்கிறது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். ஆயில் மாற்றுவார்கள், செயினை இறுக்குவார்கள், பிரேக் ஷூ பார்ப்பார்கள். எல்லாம் அவசியம்தான். ஆனால் இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் படிப்பவர்களை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. ‘இன்சூரன்ஸ் இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்பார்கள். என்ன இன்சூரன்ஸ், யாருக்கு இன்சூரன்ஸ் என்று கேட்டால் பதில் வராது. வழியில் ஏதாவது நடந்துவிட்டால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருட ‘தர்ட் பார்ட்டி’ இன்சூரன்ஸ் சேர்த்தே வரும். பலர் இதை ‘அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் கட்டியாச்சு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஐந்து வருடம் நாம் மோதி அடிபடும் மூன்றாவது ஆளுக்கானது. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். வண்டிச் சொந்தக்காரர் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 15 லட்சம் ரூபாய் வரை தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று உண்டு. அதுவும் பல பாலிசிகளில் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். இணையத்தில் புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாய் மிச்சம் என்று அந்தக் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. மணல் சறுக்கித் தானாக விழுந்து ஒருவர் இறந்தால், எதிரே வேறு வண்டி எதுவும் இல்லாதபோது, அவர் குடும்பத்துக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் அந்த 15 லட்சம் மட்டும்தான். தாளில் ‘ஓனர் டிரைவர்’ என்ற வரிக்கு எதிரே தொகை இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். இல்லையென்றால் கிளம்பும் முன் கட்டிவிடுங்கள்.

அடுத்தது பின்னால் உட்காருகிறவர். நண்பனை ஏற்றிக்கொண்டுதான் எல்லோரும் போகிறோம். வெறும் தர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் இருப்பவர் அதில் ‘மூன்றாவது ஆள்’ ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் திலக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. எதிரே வந்த லாரியின் தவறு என்றால் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்கலாம். ஆனால் ஓட்டியவரின் தவறால் விழுந்தால், நண்பனின் வைத்தியச் செலவும் இழப்பீடும் வண்டிச் சொந்தக்காரர் தலையில்தான் விழும். முழுப் பாலிசியில், அதாவது ஊரில் ‘ஃபுல் கவர்’ என்று சொல்வதில், இந்தப் பொறுப்பை கம்பெனி ஏற்கிறது. பழைய வண்டிதானே, தர்ட் பார்ட்டி போதும் என்று நினைப்பவர்கள், அந்த வண்டியில் யாரை ஏற்றப்போகிறோம் என்பதையும் நினைக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது இரவல் வண்டி. மாமா வண்டி, சித்தப்பா மகன் வண்டி, கூட வேலை பார்க்கிற அண்ணன் வண்டி என்று வாங்கிக்கொண்டு போவது நம் பக்கத்தில் சகஜம். சொந்தக்காரரின் 15 லட்சக் காப்பீடு இரவல் வாங்கி ஓட்டுபவருக்கும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இரவல் ஓட்டுபவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே மூன்றாவது ஆள் போல இழப்பீடு கேட்க முடியாது என்று 2009-இல் நிங்கம்மா வழக்கிலும், 2020-இல் ராம்கிலாடி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. கொடுத்தவருக்கும் நிம்மதியில்லை. ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர். வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டிருந்தாலும் இழப்பீட்டு வழக்கு அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். நம் பகுதியின் ‘டி.என். 79’ பலகையோடு ஊருக்குள் எத்தனை வண்டிகள் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே ஓடுகின்றன என்று நினைத்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

பதினேழு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பிளஸ் டூ முடித்த சந்தோஷத்தில் கேட்கிறான் என்றால் பஸ்ஸில் அனுப்புங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் பஸ் இருக்கிறது.

வாடகை வண்டி எடுப்பவர்கள் நம்பர் பலகையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சட்டப்படி வாடகைக்கு விடப்படும் வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுத்தால், விபத்தின்போது இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணம் காட்டி மறுக்க இடம் உண்டு.

இருபது ரூபாய்க் காப்பீடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வங்கி அல்லது தபால் சேமிப்புக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய் பிடிப்பார்கள். விபத்தில் இறந்தால் 2 லட்சம். அதன் வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் ஜூன் பயணத்தின்போது காப்பீடு இருக்காது.

தாள்கள் முடிந்தன, இனி சாலை. மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில். நம்மூர் வெயிலுக்குப் பழகிய உடம்புதானே என்று கடற்கரைக்குப் போனால் ஏமாந்துபோவோம். கரிவலத்தில் காய்ந்த வெயில், வியர்வை உடனே ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழியும், உடம்பின் சூடு இறங்காது. வண்டி ஓடும்போது காற்று முகத்தில் அடிப்பதால் எவ்வளவு நீர் இழக்கிறோம் என்பதும் தெரியாது. சாயல்குடிப் பக்கம் சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். ஒதுங்கி நிற்க நல்ல நிழல் கிடைப்பது அரிது. விடியும் முன் கிளம்பிக் காலை பத்து மணிக்குள் ஓர் ஊரில் இறங்கிவிட வேண்டும், பிறகு நான்கு மணிக்கு மேல்தான் வண்டியை எடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூட வருபவர் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. மரணத்துக்கு வெயில்தான் காரணம் என்பது மருத்துவப் பதிவில் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டும்போது வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், உப்பு லாரிகள் போகும் சாலை அது. மணப்பாடு, உவரிப் பக்கமும் தனுஷ்கோடியிலும் காற்று மணலைத் தாரின் மேல் பரப்பிவிடும். மணலின் மேல் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் நழுவிவிடும். வேகத்தை முன்பே குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடக்க வேண்டும். பாம்பன் பாலத்திலும், காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கமும் பக்கவாட்டுக் காற்று வண்டியையே தள்ளும். அங்கே காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. பஸ்ஸோ லாரியோ பக்கத்தில் கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்று, மறுகணம் திரும்ப அடிக்கும். அந்த நேரத்தில்தான் வண்டி நிலை தடுமாறும். ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் உப்புக்காற்று அரித்துவிடும்.

கடலில் இறங்குவதைப் பற்றிச் சொல்ல மனசு கனக்கிறது. 2024 மே 6 அன்று நாகர்கோவில் அருகே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்று சொல்லும் அந்த அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே வீசிய காற்றால் எழுந்து வருவது. நம் கரையில் காற்றோ மழையோ இல்லாமல் வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் ஏறி வரும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கான எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. போகிற இடத்து மீனவரிடமோ போலீசாரிடமோ ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொன்னால் காலை நனைக்காமல் திரும்புங்கள். தனுஷ்கோடியில் இரண்டு கடல் கூடுமிடத்தில் நீரோட்டம் மிகக் கடுமையானது, குளிக்கவே கூடாத இடம். பொழுது சாயும் முன் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும்.

வழியில் உங்களுக்கு உரிமையாக உள்ளவை சில. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள லைசென்ஸும் ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் அசலுக்குச் சமம், அவற்றைக் காட்டினால் போதும். அபராதம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று, குடிநீர், கழிப்பறை, முதலுதவி எல்லாம் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் போட வேண்டும். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் முடக்கப்படலாம். மூன்று பேராகப் போனாலும் இதே தண்டனை.

விபத்து நடந்துவிட்டால் முதல் வேலை 108. எந்த மருத்துவமனையும், தனியார் ஆனாலும், முதலுதவியை மறுக்க முடியாது என்பது 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், 2021 டிசம்பரிலிருந்து, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் உண்டு. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை, போலீஸ் அவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்தப் பாதுகாப்பு 2019 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்துவிட்டு வம்பு எதற்கு என்று கடந்துபோக இனி காரணமே இல்லை.

அடுத்த அரைமணி நேரத்தில் யாராவது பெரியவர் வந்து, ‘தம்பி, இங்கேயே பேசி முடிச்சுக்கோங்க, ஸ்டேஷன் கோர்ட்டுன்னு அலைய முடியாது’ என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். கேட்காதீர்கள். தலையில் பட்ட அடி மறுநாள் தெரியும், எலும்பு முறிவின் செலவு மாதக்கணக்கில் தெரியும். எப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணமோ இழப்பீடோ வாங்குவது மிகக் கடினம். இரண்டு வண்டிகளையும் சாலையையும் எதிர் வண்டியின் நம்பரையும் போட்டோ எடுத்துவிட்டு போலீசில் எழுதிக் கொடுங்கள். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், இடம் எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. எப்.ஐ.ஆர். நகல் இலவசம். மோதிவிட்டு நிற்காமல் ஓடிய வண்டி எது என்று தெரியாவிட்டாலும், இறப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசு தருகிறது. 

இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால், அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம், வக்கீல் தேவையில்லை.

விபத்து ராமநாதபுரத்தில் நடந்தால் வழக்குக்கும் அங்கே அலைய வேண்டும் என்று நினைத்தே பலர் விட்டுவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, அடிபட்டவர் குடியிருக்கும் இடத்துக்கு உட்பட்ட தீர்ப்பாயத்திலேயே மனுப் போட அனுமதிக்கிறது. கரிவலத்துக்காரர் தென்காசி மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களும், பெண்களும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.