மூன்றரை மணிக்குப் பிறகு

ரொறன்ரோவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், லோரன்ஸ் அவெனியூவின் அரபு உணவகங்களைத் தாண்டிப் போனால் ஃபார்மசி அவெனியூ வரும். சின்னப் பிள்ளைகளின் வெக்ஸ்போர்ட் பப்ளிக் ஸ்கூலும், நடனமும் நாடகமும் கற்பிக்கும் வெக்ஸ்போர்ட் கொலிஜியேட்டும் அந்த ஒரே தெருவில்தான் இருக்கின்றன. ஒரே வீட்டிலிருந்து அக்கா ஒன்றுக்கும் தம்பி மற்றதற்கும் போகலாம். ஆனால் இருவரின் பையிலும் உள்ள கைபேசிக்குச் சட்டம் ஒன்றல்ல. பத்தாம் வகுப்பு அக்கா பாட நேரத்தில் மட்டும் அதைத் தொடக்கூடாது. நான்காம் வகுப்புத் தம்பியின் போன் காலை மணி அடித்ததிலிருந்து வீடு போகும் மணி அடிக்கும்வரை சத்தமின்றி, கண்ணில் படாமல் இருக்கவேண்டும்.

2024 செப்டம்பரில் ஒன்ராறியோ முழுவதும் நடைமுறைக்கு வந்த விதி இது. தம்பியின் போன் வெளியே தெரிந்தால் அன்றைய நாள் முழுவதற்கும், அக்காவின் போன் தெரிந்தால் அந்தப் பாட நேரத்துக்கும் அதை ஒப்படைக்கவேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆசிரியர் அதைப் பறித்து மேசை லாச்சியில் போடுவதில்லை. அதிபர் குறித்துக் கொடுத்த இடத்தில் மாணவரே தன் கையால் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்று மாகாணக் கல்வி அமைச்சின் அறிவுறுத்தல் சொல்கிறது. விலக்குகளும் இருக்கின்றன: ஆசிரியரே பாடத்துக்காகக் கேட்டால், சிறப்புக் கல்வித் தேவை இருந்தால், மருத்துவக் காரணம் இருந்தால் போனைப் பயன்படுத்தலாம். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளையின் தோலில் ஒட்டியிருக்கும் உணரி, இரத்தச் சர்க்கரை அளவை அனுப்புவது பெரும்பாலும் கைபேசிக்குத்தான். அந்தப் பிள்ளைக்குப் போன் மருந்துப் பெட்டியின் ஒரு பகுதி.

ரொறன்ரோவுக்கு இந்த இழுபறி பழையது. இங்குள்ள பொதுப் பள்ளிச் சபை 2007-இல் கைபேசியைத் தடை செய்தது. 2011-இல் தடையை நீக்கியது. 2019 நவம்பரில் மாகாண அரசு பாட நேரத்துக்கு மட்டும் கட்டுப்பாடு விதித்தது. பிறகு கொவிட் வந்தது. திரையைக் குறை என்று சொன்ன அதே பள்ளி, பிள்ளையைத் திரைக்கு முன்னால் உட்கார வை என்று சொல்ல நேர்ந்தது. 2024 மார்ச்சில் ரொறன்ரோ சபையும் வேறு மூன்று சபைகளும் மெட்டா, ஸ்னாப், டிக்டொக் நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டன. பிள்ளைகளின் கவனத்தைக் கெடுத்த செலவைப் பள்ளிகள் சுமப்பதா என்பதே அவற்றின் வாதம். கேட்ட இழப்பீடு 400 கோடி டொலருக்கும் மேல்.

தடை பலன் தருமா? அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வில் கனடாத் தொடர்பு ஒன்று உண்டு. இன்று ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பொருளியலாளர் லூயி-ஃபிலிப் பெலான், ரிச்சர்ட் மர்ஃபியுடன் சேர்ந்து இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளின் பரீட்சைப் பெறுபேறுகளை ஆராய்ந்தார். போனைத் தடைசெய்த பள்ளிகளில் பதினாறு வயதுப் பிள்ளைகளின் புள்ளிகள் கொஞ்சம் கூடியிருந்தன. அந்தக் கூடுதலில் பெரும்பங்கு, படிப்பில் பின்தங்கியிருந்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. முன்வரிசைப் பிள்ளைகளிடம் மாற்றமே இல்லை. பின்னர் சுவீடனில் அதே முறையில் தேடியவர்களுக்கு எந்தப் பலனும் தென்படவில்லை. 2025-இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பள்ளிகளில் 1,227 மாணவரைப் பார்த்தார்கள். பள்ளியில் கட்டுப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனநலம் ஏறக்குறைய ஒரேமாதிரித்தான் இருந்தது. பகலில் மிச்சமான நிமிடங்கள் மாலையில் சரிக்கட்டப்பட்டன; ஒரு நாளில் போனுடன் கழிந்த மொத்த நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த ஆய்வுகளில் இருப்பவர்கள் எல்லாரும் பன்னிரண்டு வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். ஒன்ராறியோவின் சட்டமோ, ஆறாம் வகுப்பிலும் அதற்குக் கீழும் உள்ளவர்களிடம்தான் மிகக் கடுமையாக இருக்கிறது. சட்டம் பிழை என்று இதற்குப் பொருளில்லை. இடைவேளையில் பந்து விளையாட ஆள் கிடைப்பதற்காகவேனும் அது நல்ல சட்டம்தான். ஆனால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையைப் பற்றி அறிவியலிடம் கேட்டால், அது பரீட்சைப் புள்ளிகளைவிட உறக்கத்தையும் கண்ணையும் பற்றித்தான் உறுதியாகப் பேசுகிறது. இரண்டுமே பெரிதும் வகுப்பறைக்கு வெளியே தீர்மானமாகிறவை.

முதலில் உறக்கம். இருட்டத் தொடங்கியதும் மூளையில் மெலட்டோனின் சுரந்து, உடலை உறக்கத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. வெளிச்சம் அந்தச் சுரப்பை அடக்கும். ஜப்பானில் ஷிகேகாஸு ஹிகுச்சி குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோர் வயதினரையும் ஒரே இரவு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளிடம் சுரப்பு ஏறக்குறைய இருமடங்கு அடங்கியது. சிறுவர்களின் கண்மணி பெரிது, வில்லையும் தெளிவானது. ஆகவே அதிக ஒளி உள்ளே போகிறது. இதைச் சொன்னதும் நீல ஒளியைக் குறைக்கும் கண்ணாடி வாங்க ஓடவேண்டியதில்லை. போன் திரையைவிடக் கூரை விளக்கின் வெளிச்சம் அதிகம். போனிடம் இருக்கும் பெரிய வில்லங்கம், ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது. ஐந்து முதல் பதின்மூன்று வயதுவரை 9 முதல் 11 மணிநேர உறக்கம் வேண்டும் என்பது கனடிய வழிகாட்டல். காலை ஏழு மணிக்கு எழும்பும் பிள்ளை பத்து மணிநேரம் உறங்க வேண்டுமானால் இரவு ஒன்பதுக்குக் கண்ணை மூடியிருக்கவேண்டும். பொழுதுபோக்குத் திரைக்கு அதே வழிகாட்டல் தரும் உச்சவரம்பு நாளுக்கு இரண்டு மணிநேரம்.

பல தமிழ் வீடுகளில் பிள்ளையின் முதல் போன் கடையில் வாங்கியதல்ல. அண்ணனிடமிருந்து வந்த பழைய ஐபோன். சிம் இல்லை, ஆகவே அது போனே இல்லை என்று அம்மா நினைப்பார். வைஃபை இருக்கும்வரை யூடியூபுக்கு சிம் தேவையில்லை. கடவுச்சொல்லும் நேர வரம்பும் முதலில் போடவேண்டியது இந்தப் பழைய போனில்தான். இரவில் அது குசினியில் சார்ஜ் ஏறட்டும்.

யாழ்ப்பாணத்து அம்மம்மாவுடன் பேசுவதும் திரை நேரமா? கனடியக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம் என்கிறது. அங்கும் அன்பான பெரியவர்களுடன் பேசும் வீடியோ அழைப்புக்கு விலக்குக் கொடுக்கிறது. எதிர்ப்பக்கம் முகம் பார்த்துப் பதில் சொல்லும் ஆள் இருப்பதுதான் வித்தியாசம். சிக்கல் கடிகாரத்தில். குளிர்காலத்தில் இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே காலை ஏழு. அம்மம்மா தேத்தண்ணியோடு உற்சாகமாகக் கதைக்கத் தொடங்கும் நேரம், பேரன் படுக்கைக்குப் போகவேண்டிய நேரம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்தால் அங்கே இரவு எட்டரை. யாருடைய உறக்கமும் கெடாது.

அடுத்தது கண். வாட்டர்லூ பல்கலைக்கழகக் குழு ஒன்று அப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. ஆறு முதல் எட்டு வயதுவரை கிட்டப்பார்வை 6 விழுக்காடு. பதினொன்று முதல் பதின்மூன்று வயதுவரை ஏறக்குறைய 29 விழுக்காடு. கிட்டப்பார்வை இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கண்ணாடியே போட்டிருக்கவில்லை. விழிக்கோளம் வேண்டியதைவிட நீளமாக வளர்வதால் இது வருகிறது. கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பகல் வெளிச்சத்தில் இருக்கும் நேரம் குறைவது அதைவிட உறுதியான காரணம். வாரத்துக்கு ஒரு மணிநேரம் கூடுதலாக வெளியே இருந்த பிள்ளைகளிடம் கிட்டப்பார்வைக்கான வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு குறைவாக இருந்ததாக அதே ஆய்வு கண்டது. தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டத்தை நடத்துகிறது. ரொறன்ரோவின் ஜனவரியில் அது கடினம். ஆனால் மேகம் மூடிய பகலிலும் வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு.

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குப் போன் தெளிவாகத் தெரியும், கரும்பலகைதான் மங்கும். பிள்ளை அதைச் சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். ஒன்ராறியோவில் இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முழுக் கண் பரிசோதனையின் செலவை மாகாணச் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் ஏற்கிறது. குடும்ப மருத்துவரின் கடிதம் தேவையில்லை. பிள்ளையின் சுகாதார அட்டையோடு நேரே கண் பரிசோதகரிடம் போகலாம்.