தட்டுப் பக்கம் போனாலே நாய் உறுமுதா? அடிக்காதீங்க... இப்படிப் பழக்குங்க!

திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடி போன்ற மலையடிவார ஊர்களில் தோட்டக் காவலுக்கு நாய் வளர்ப்பது வழக்கம். 2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்த ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, சாதாரண நாட்டு நாயோ, எதுவாக இருந்தாலும் தோட்டத்தைக் காக்கும் நாய் சோத்துத் தட்டையும் காக்க ஆரம்பித்தால் சிக்கல்தான். குழந்தைகள் உள்ள வீட்டில் கேட்கவே வேண்டாம்.

இது திமிர் இல்லை. சாப்பாடு பறிபோயிடுமோ என்ற பயம். ஆள் நெருங்கியதும் உடம்பு விறைக்கும், அவசர அவசரமாக விழுங்கும், ஓரக்கண்ணால் பார்க்கும். அடுத்துதான் உறுமல். உறுமியதற்கு அடித்தால் பயம் போகாது, உறுமல் மட்டும் நின்றுவிடும். அப்புறம் எச்சரிக்கையே இல்லாமல் கடி விழும்.

'பழகட்டும்' என்று குட்டி சாப்பிடும்போது தட்டுக்குள் கையை விட்டு அளைவதும், தட்டைப் பிடுங்குவதும் பலர் செய்யும் தப்பு. அதுக்குப் பதிலா, நாய் வெறும் சோறு தின்னும்போது சற்றுத் தள்ளி நடந்து போங்கள். போகிறபோக்கில் அவித்த முட்டையோ கோழிக்கறித் துண்டோ தட்டருகே போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். (வெந்த எலும்பு வேண்டாம், உடைந்து குடலைக் குத்தும்.) தினமும் செய்தால், 'ஆள் வந்தா நல்லது வருது' என்று அதற்குப் பிடிபடும். உடம்பு தளர்வாக இருந்தால் மட்டும் அடுத்த முறை ஓரடி நெருங்கலாம். செருப்பைக் கவ்விக்கொண்டு தர மறுத்தாலும் இதே பண்டமாற்றுதான். இரண்டு மூன்று நாய்கள் இருந்தால் தனித்தனித் தட்டு, தனித்தனி மூலை.

ஏற்கெனவே கடித்த நாயிடம் நீங்களே முயல வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென வந்த பழக்கம் என்றால் பல்வலி போன்ற ஏதாவது வலிகூடக் காரணமாக இருக்கலாம். கடி பட்டுவிட்டால், 'நம்ம வீட்டு நாய்தானே' என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க. ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம்.